கொல்லைக் களமும் கன அடிக் கணக்கும்

அறுவடைக் காலத்தில் நெடுஞ்சாலைகளின் ஓரமெங்கும் நெல்லும் சோளமும் உளுந்தும் காய்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். வண்டிகள் விரையும் பாதையில் தானியத்தைப் பரப்பிக் கிளறி விடுவோருக்கும், அவ்வழியே செல்வோருக்கும் அது ஒருங்கே ஆபத்தானது. மண் தரையில் காயவைத்தாலோ கல்லும் மண்ணும் கலந்து சரக்கின் விலை குறைகிறது; அடியிலிருந்து ஏறும் ஈரம் தானியத்தை முற்றும் உலர விடுவதில்லை. நெசவாளர் இல்லங்களிலும் இதற்கு ஒப்பான தொல்லை உண்டு. நூலை நனைக்கவும், சாயமிட்ட சிட்டங்களை அலசவும், கஞ்சிப் பாத்திரங்களைக் கழுவவும் கொல்லைப்புறத்தில் சேறற்ற ஓரிடம் இல்லாமையால் பெண்மக்கள் படும் சிரமம் சிறிதன்று. இவற்றுக்கெல்லாம் சிறிய கான்கிரீட் தளம் ஒன்று தக்க பரிகாரமாகும்.

ஆனால் அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடையில் நீளமும் அகலமும் அடங்கியுள்ளன, கனம் அடங்கவில்லை. நீள அகலங்களை யாரும் நாடா பிடித்து அளக்கலாம். கனமோ, வேலை முடிந்த மறுநாளே மண்ணுக்கும் பூச்சுக்கும் இடையில் மறைந்துவிடும். களம் இருபது ஆண்டு உழைக்குமா, இரண்டாண்டில் வெடிக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மறைந்துபோகும் இந்த மூன்றாவது அளவேயாகும். ஆகையால் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் சதுர அடியில் பேசுவதை விட்டுக் கன அடியில் கணக்கிடப் பழக வேண்டும். நாலாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இங்கே கூறப்படுவது மண்ணின்மேல் முழுதும் படிந்து கிடக்கும் தளத்திற்கு மட்டுமே பொருந்தும். கூரைக்கும், கழிவுத் தொட்டியின் மூடிக்கும், அடியில் வெற்றிடம் உள்ள எந்தத் தளத்திற்கும் இக்கணக்கைக் கொள்ளலாகாது. அவற்றுக்குக் கம்பி கட்டுதல் இன்றியமையாதது. பொறியியல் அறிந்தவரின் ஆலோசனையும் வேண்டும்.

எவ்வளவு பெரிய களம் வேண்டும்?

களத்தின் அளவை இடத்தைப் பார்த்து முடிவு செய்வதினும் சரக்கைப் பார்த்து முடிவு செய்வது நன்று. அறுவடையான நெல்லில் ஈரம் சாதாரணமாக 20 முதல் 25 சதவிகிதம் வரை இருக்கும். சேமித்து வைக்க வேண்டுமாயின் அது 14 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. வெயிலில் உலர்த்தும்போது ஓரங்குலக் கனத்துக்கு நெல்லைப் பரப்பி, அடிக்கடி கிளறி விடுவதே முறை. மிகுந்த கனமாகப் பரப்பினால் மேல்நெல் காய்ந்து வெடிக்கும்; அடிநெல் ஈரமாகவே கிடக்கும்.

20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள களத்தை எடுத்துக் கொள்வோம். இதன் பரப்பு 300 சதுர அடி. ஓரங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு அடி கனத்துக்குப் பரப்பினால் 25 கன அடி நெல் கொள்ளும். ஒரு கன அடி நெல் ஏறக்குறைய 16 கிலோ நிறையுள்ளது. ஆகவே இக்களத்தில் ஒரே முறையில் சுமார் 400 கிலோ நெல்லைக் காயவைக்கலாம். அங்கத்தினர் தத்தம் விளைச்சலையும், எத்தனை நாளில் காயவைத்து முடிக்க வேண்டும் என்பதையும் கொண்டு இதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, காலை ஒன்பது மணி முதல் மாலை நாலு மணி வரை நிழல் விழாத இடமா என்று பார்க்க வேண்டும். பெருமரத்தின் வேர் ஓடும் இடமும், மழைநீர் வந்து தங்கும் பள்ளமும் ஆகா.

மூன்று அளவுகள்

நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றையும் அடியாகவே மாற்றிப் பெருக்க வேண்டும். கனத்தை மட்டும் அங்குலமாக விட்டுப் பெருக்குவதே இக்கணக்கில் அடிக்கடி நேரும் தவறு. ஆட்கள் நடமாடவும், மூட்டை அடுக்கவும், இருசக்கர வண்டி நிறுத்தவும் 4 அங்குலக் கனம் போதும். டிராக்டரும் இழுவைப் பெட்டியும் ஏறுமாயின் 6 அங்குலத்துக்குக் குறையலாகாது. நமது உதாரணத்தில் 4 அங்குலம் என்பது மூன்றில் ஒரு பங்கு அடி. 20 x 15 = 300; அதில் மூன்றில் ஒன்று 100. ஆக, வேண்டிய கான்கிரீட் 100 கன அடி.

இடம் கோணலாயின் அதை நீள்சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டலாம். பழைய வழக்கப்படி வட்டக் களம் வேண்டுவோர், மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள அளவை அதே அளவால் பெருக்கி, மீண்டும் 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் பரப்புக் கிடைக்கும். குறுக்களவு 20 அடியான வட்டத்தின் பரப்பு 314 சதுர அடி. 4 அங்குலக் கனத்தில் அதற்குச் சற்றேறக்குறைய 105 கன அடி கான்கிரீட் வேண்டும்.

மூன்றங்குலமும் நாலங்குலமும்

"மூன்றங்குலம் போட்டால் போதாதா? ஓரங்குலம் மிச்சமாகுமே" என்று சிலர் கருதக்கூடும். கணக்கைப் பார்ப்போம். 3 அங்குலக் கனத்தில் 75 கன அடியே ஆகும். பொருளில் கால் பங்கு மிச்சம். ஆனால் கம்பியில்லாத தளம் வளைந்து முறியாமல் தாங்கும் வலு, அதன் கனத்தைப் போல் அன்றி, கனத்தின் வர்க்கத்தைப் போல் மாறும். மூன்றின் வர்க்கம் 9; நான்கின் வர்க்கம் 16. கால் பங்குச் செலவைக் குறைத்தவர் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடுகிறார். சதுர அடிக் கணக்கில் பேசி, கனத்தைக் குறிப்பிடாமல் விட்டவருக்கு நேரக்கூடிய நஷ்டம் இதுவே. ஒப்பந்தமாக வேலை கொடுப்போர் எழுத்திலேயே "கனம் எவ்விடத்தும் 4 அங்குலத்துக்குக் குறையாது" என்று குறித்து வாங்குதல் வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது, நாலங்குலத்தில் குறியிட்ட ஒரு கம்பியை ஆங்காங்கே செருகிப் பார்ப்பது யாவருக்கும் எளிது. நல்ல கொத்தனார் எவரும் அதனால் வருந்தமாட்டார்.

இதற்கு மறுதலையான நஷ்டமும் உண்டு. தரையைச் சரியாக மட்டம் செய்யாமல் சராசரி அரை அங்குலம் பள்ளமாக விட்டால், 300 சதுர அடியில் அப்பள்ளம் 12½ கன அடி கான்கிரீட்டை விழுங்கிவிடும். அஃதாவது இரண்டே கால் மூட்டை சிமெண்டு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போகும். ஒரு மண்வெட்டியும் ஒரு திமிசும் அரைநாள் உழைத்தால் இது மிச்சமாகும்.

ஈரக் கனமும் உலர்ந்த கனமும்

100 கன அடி கான்கிரீட்டுக்குச் சிமெண்டும் மணலும் ஜல்லியும் சேர்ந்து 100 கன அடி வாங்கினால் போதாது. ஒரு படி நிறைய ஜல்லியை இட்டு அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், படியின் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத் தண்ணீர் பிடிப்பதைக் காணலாம். கற்களுக்கிடையே அவ்வளவு வெற்றிடம் உள்ளது. அந்த இடைவெளியை மணல் நிரப்புகிறது; மணலின் இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பு நிரப்புகிறது. இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால், 100 கன அடி ஈரக் கான்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள்கள் சுமார் 154 கன அடி தேவைப்படுகின்றன. ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல் என்று நினைவில் கொள்ளலாம்.

இத்தகைய களத்துக்கு வழக்கமான கலவை 1:2:4 ஆகும். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குல ஜல்லி. ஆக மொத்தம் ஏழு பங்கு. 154ஐ ஏழால் வகுத்தால் ஒரு பங்கு 22 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று சுமார் 1¼ கன அடி, அதாவது 35 லிட்டர் கனமுடையது. எனவே தேவைகள் பின்வருமாறு:

சிமெண்டு: 22 கன அடி, முழுமையாக்கினால் 18 மூட்டை.
மணல்: 44 கன அடி.
ஜல்லி: 88 கன அடி.

இயந்திரத்தில் கலவாமல் கையால் கலக்கும்போது பத்தில் ஒரு பங்கு சிமெண்டு கூடுதலாகச் சேர்ப்பது பொதுப்பணிகளில் உள்ள வழக்கம். அதையும் கூட்டினால் 20 மூட்டை. ஜல்லியில் சிந்துவதும் மண்ணில் அமிழ்வதும் போக, 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் வாங்கினால் சரியாகும்.

சாயமிடும் நெசவாளர் அன்பர் ஒருவருக்கு 10 அடிக்கு 6 அடி அளவில் அலசும் தளம் போதுமென்றால், அதே 4 அங்குலக் கனத்தில் 20 கன அடி ஆகும். மேற்கண்ட ஒவ்வோர் அளவிலும் ஐந்தில் ஒரு பங்கு கொண்டால் போதும்: சிமெண்டு 4 மூட்டை, மணல் 9 கன அடி, ஜல்லி 18 முதல் 20 கன அடி வரை. பட்டுச் சாயத்தில் அமிலம் புழங்குமிடத்தில் கான்கிரீட் நாளடைவில் அரிக்கப்படும் என்பதையும் மனத்தில் கொண்டு, சாயக் கலங்களைத் தளத்தின்மேல் கவிழ்க்காதிருத்தல் நலம். சாய நீரைக் கிணற்றருகே மண்ணில் விடுவதும் கூடாது.

மணலின் பொய்யளவு

ஆற்று மணல் அரிதாகிவிட்டமையால், கருங்கல்லை உடைத்துச் செய்யப்படும் எம்-சாண்ட் என்னும் மணலே இந்நாளில் பெரிதும் பயன்படுகிறது. கான்கிரீட்டுக்குரியது எம்-சாண்ட், பூச்சுக்குரிய நுண்மணல் பி-சாண்ட் என்று வேறாக விற்கப்படுகிறது. பூச்சு மணலைக் கான்கிரீட்டில் சேர்க்கலாகாது.

எம்மணலாயினும் ஈரமாக இருக்கும்போது உப்பிக் காணும். மணிகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதே இதன் காரணம். இதைக் கண்டறியும் முறை எளிது. ஒரு தகரப் பாத்திரத்தில் 10 அங்குல உயரத்துக்கு ஈரமணலை அழுத்தாமல் நிரப்பவும். பின் அதை வேறிடத்தில் கொட்டி, பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, மணலைச் சிறிது சிறிதாகத் திரும்ப இட்டுக் கிளறி அமிழ விடவும். மணல் 8 அங்குலத்தில் நின்றால், அது கால் பங்கு உப்பியிருந்தது என்பது பொருள். அப்பொழுது மூட்டைக்கு இரண்டு பெட்டி மணல் போடுமிடத்தில் இரண்டரைப் பெட்டி போட வேண்டும். 44 கன அடிக்குப் பதில் 55 கன அடி வாங்க வேண்டும். இதை அறியாமல் அளந்தால், விலையும் கொடுத்துக் கலவையையும் கெடுத்துக் கொண்டவராவோம்.

வண்டியில் வரும் மணலையும் ஜல்லியையும் இறக்குமுன் அளத்தல் முக்கியம். தொட்டியின் உட்புற நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் குச்சி செருகி உயரம் பார்த்து, ஐந்தின் சராசரியால் பெருக்கினால் கன அடி தெரியும். மண் கலப்பையும் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மேலே உப்பு நீரும் இட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், மணலின்மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். அந்த அடுக்கு மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்படுமாயின் அம்மணலைக் கழுவாமல் பயன்படுத்தலாகாது.

பெட்டியும் தண்ணீரும்

கலவையைச் சட்டிக் கணக்கில் போடும் வழக்கம் விடத்தக்கது. ஒரு சட்டி குவிந்திருக்கும். மறு சட்டி குறைந்திருக்கும். ஓரடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரம் உள்புறம் கொண்ட மரப்பெட்டி ஒன்று செய்து கொண்டால், அதன் கொள்ளளவு சரியாக 1¼ கன அடி; அதாவது ஒரு மூட்டை சிமெண்டின் கனம். ஒவ்வொரு மூட்டைக்கும் இப்பெட்டியால் மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று தலைதட்டி அளந்து போடலாம்.

தண்ணீரின் அளவே யாவரினும் மிகுதியாகத் தவறும் இடமாகும். கான்கிரீட்டின் வலு, சிமெண்டுக்குத் தண்ணீர் எவ்வளவு என்ற விகிதத்தைப் பொறுத்தது என்பதை அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். சிமெண்டு இறுகத் தேவையான அளவுக்கு மேற்பட்ட நீர், பின்னர் ஆவியாகிப் போய், தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளே பலவீனம். நமது நாட்டின் தரநிர்ணயம், 1:2:4 கலவைக்கு ஒப்பான தரத்துக்கு 50 கிலோ சிமெண்டுக்கு 32 லிட்டர் தண்ணீரையே உச்ச வரம்பாகக் குறிக்கிறது. மணல் ஈரமாயின் அதிலுள்ள நீரையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டு பெட்டி மணலில் 5 சதவிகித ஈரம் இருந்தாலும் 5, 6 லிட்டர் அதிலேயே வந்துவிடும்; குடத்தால் ஊற்றுவது 26 லிட்டரோடு நிற்க வேண்டும். கலவை கஞ்சிபோல் ஓடினால் பரப்புவது எளிது என்று ஆட்கள் தண்ணீர் கேட்பார்கள். வீட்டுக்காரர் இவ்விடத்தில் உறுதியாக இருத்தல் வேண்டும்.

மொத்தக் கலவைக்கு 18 x 32 = 576 லிட்டர், அதாவது 200 லிட்டர் பீப்பாய் மூன்று. தரை நனைக்கவும், கருவிகளைக் கழுவவும், பின்னர் நீர் கட்டவும் வேறாக வேண்டும். குடிக்கத்தக்க நீரே கலவைக்கும் தக்கது, உவர்நீர் ஆகாது.

அடித்தரையும் சரிவும்

மூலைகளில் முளையடித்துக் கயிறு கட்டியபின், குறுக்கு மூலைகளை அளந்து பார்க்க வேண்டும். 20 அடிக்கு 15 அடி என்ற அளவுக்குக் குறுக்களவு சரியாக 25 அடி இருக்கும். இரண்டு குறுக்குகளும் 25 அடியாக இருந்தால் மூலைகள் கோணாமல் அமைந்துள்ளன.

மேல்மண்ணையும் வேரையும் அகற்றி, நீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். அதன்மேல் 4 அங்குலச் சரளை இறுகிய நிலையில் நிற்க வேண்டுமானால், தளர்வாக 5 அங்குலம் பரப்ப வேண்டும். 300 சதுர அடிக்கு அது 125 கன அடி, அதாவது ஒன்றே கால் யூனிட். கரிசல் மண், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் இயல்புடையது. அத்தகைய நிலத்தில் ஓரடியேனும் கரிசலை அகற்றிச் சரளை நிரப்பிய பின்னரே களம் அமைக்கலாம்.

மழைநீர் தங்காதிருக்க, 15 அடி அகலத்துக்கு 2 அங்குலம் சரிவு வீட்டுக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். இச்சரிவைத் தரையிலேயே கொடுத்துவிட வேண்டும். தரையை மட்டமாக விட்டுக் கான்கிரீட்டில் சரிவு கொடுத்தால், ஒருபுறம் 4 அங்குலமும் மறுபுறம் 6 அங்குலமுமாகிச் சராசரிக் கனம் 5 அங்குலம் ஆகிவிடும். 100 கன அடி 125 ஆகும். நாலரை மூட்டை சிமெண்டு வீணே கூடும். மட்டக்குழாயில் நீர் நிரப்பி இரு ஓரங்களையும் பார்த்துக் கயிற்றைத் தாழ்த்திக் கட்டுவதால் இச்செலவு முற்றும் தவிர்க்கப்படும்.

நான்கு பாத்திகள்

கான்கிரீட் இறுகும்போது சிறிது சுருங்கும். பெரும்பரப்பை ஒரே துண்டாக இட்டால், அது தானே ஓரிடத்தில் வெடித்துப் பிரியும். வெடிப்பு எங்கே வர வேண்டும் என்பதை முன்கூட்டியே நாம் முடிவு செய்துவிடுவதே அறிவுடைமை. 4 அங்குலத் தளத்துக்குப் பத்தடிக்கு ஓர் இணைப்பு இருத்தல் நலம். வயலைப் பாத்தி பிரிப்பதுபோல் களத்தையும் 10 அடிக்கு 7½ அடியாக நான்கு பாத்திகளாக்கினால், ஒவ்வொன்றுக்கும் 25 கன அடி கான்கிரீட் ஆகும். கையால் கலப்போருக்குப் பாத்திக்கு 5 மூட்டை சிமெண்டு என்று கணக்கு நேராக வந்துவிடுகிறது.

இப்பிரிவினால் மற்றொரு நன்மையும் உண்டு. நீர் சேர்த்த அரைமணி நேரத்துக்குள் கலவையை இட்டு முடித்துவிட வேண்டும். பாதி வேலையில் சிமெண்டோ ஆளோ வெளிச்சமோ குறைந்து, நினைத்த இடத்தில் நிறுத்தினால் அந்த இடமே பின்னர் விரியும். பாத்தி பிரித்து வைத்திருந்தால், நிறுத்தும்போது பாத்தியின் எல்லையில் நிறுத்தலாம். முதல் நாள் குறுக்கு மூலைகளில் உள்ள இரண்டு பாத்திகளையும், அவை இறுகிப் பலகை பிரித்தபின் மற்ற இரண்டையும் போடலாம். ஒவ்வொரு பாத்தியின் சுற்றும் 35 அடியாதலால், நாலங்குல உயரப் பலகை 70 அடி இருந்தால் நான்குக்கும் போதும். பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோ தார்த்தாள் ஒட்டியோ அடுத்த பாத்தியைச் சேர்த்து இட்டால், இணைப்பு மெல்லிய கோடாக நிற்கும். நெல்மணி அதில் புகாது.

கொட்டுமுன் சரளையை நனைத்துக் கொள்ள வேண்டும்; நீர் தேங்கி நிற்கலாகாது. பரப்பியதும் மட்டக்கட்டையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, மேலே மினுக்கும் நீர் வற்றும்வரை பொறுத்துப் பின் கரணையால் மழுப்ப வேண்டும். நீர் வற்றாதபோது சிமெண்டுத் தூளைத் தூவி மழுப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. அத்தகைய மேற்பரப்பு சில மாதங்களில் தூளாக உதிர்ந்து நெல்லோடு கலக்கும்.

நீராற்றல்

கான்கிரீட் காய்வதனால் இறுகுவதன்று; சிமெண்டு நீரோடு சேர்ந்து மாறுவதனால் இறுகுகிறது. ஆதலால் இட்ட சில நாட்கள் அதை ஈரமாகவே வைத்திருத்தல் வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளும், வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் 10 நாளும், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாளும் நீராற்றுதல் முறையாகும். வயல்வேலை அறிந்தவர்க்கு இது எளிது. விளிம்பில் மண்ணால் வரப்புக் கட்டி, தாழ்ந்த பக்கம் நீர் நிறுத்தி, மேட்டுப் பக்கம் நனைந்த சாக்குகளைப் பரப்பி வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு தண்ணீர் மட்டுமே. இதைச் செய்யாமல் விட்டால், வாங்கிய சிமெண்டின் வலுவில் பெரும்பகுதியை விலை கொடுத்தும் பெறாதவர் ஆவோம்.

முழு வலுவுக்கு 28 நாள் காத்திருப்பது நன்று. எனவே தை அறுவடைக்குக் களம் வேண்டுவோர் ஆவணியிலேயே வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். வேலையைக் காலையிலேயே ஆரம்பித்தல் நலம். நண்பகல் வெயிலும் காற்றும் மேற்பரப்பை விரைவில் உலர்த்தி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

சங்கத்தின் மூலம் செய்யத்தக்கது

ஒருவருக்கு ஜல்லி ஒரு யூனிட்டும் மணல் அரை யூனிட்டுமே வேண்டும். அதற்காகத் தனி வண்டி அமர்த்தினால் கூலி மிகும். ஒரே தெருவில் நாலு அங்கத்தினர் சேர்ந்து தேதிகளை வகுத்துக் கொண்டால் வண்டிக் கூலி பங்காகும். அளவுப் பெட்டி, எழுபதடிப் பலகை, திமிசு, மட்டக்குழாய் ஆகியவற்றைச் சங்கமே ஒருமுறை வாங்கி வைத்தால் எத்தனையோ களங்களுக்கு உதவும். ஆனால் சிமெண்டை மட்டும் நெடுநாள் சேர்த்து வைக்கலாகாது. மூன்று மாதம் கிடந்த சிமெண்டு ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கக்கூடும். வாங்கியதையும் பலகையின்மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேற்படாமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் செலவிட வேண்டும்.

கடன் கேட்கும் அங்கத்தினரும் கடன் கொடுக்கும் சங்கமும் கையில் கொள்ள வேண்டிய தாள் ஒன்றே. அதில் நீளம், அகலம், கனம், மொத்தக் கன அடி, சிமெண்டு மூட்டை, மணல், ஜல்லி, சரளை, தண்ணீர், பலகை, ஆள் கூலி என்ற வரிசையில் எழுதி, எதிரே உள்ளூர் விலையைக் குறித்துப் பெருக்கினால் செலவு தெளிவாகும். இரண்டு கொத்தனார்களிடம் விலை கேட்பவர் இருவரிடமும் இந்தத் தாளையே காட்டட்டும். ஒருவர் மிகக் குறைந்த தொகை சொன்னால், கனத்தில் குறைக்கிறாரா, சிமெண்டில் குறைக்கிறாரா என்பது உடனே விளங்கிவிடும்.

உழைத்துச் சேர்த்த பணம் மண்ணுக்குள் போகும்போது, எவ்வளவு போகிறது, எதற்காகப் போகிறது என்பதை அறிந்து போடுவது நமது உரிமை மட்டுமன்று, குடும்பத்துக்குச் செய்யும் கடமையுமாகும். நாடாவும் பென்சிலும் எடுத்து ஒரு மாலைப்பொழுதில் இக்கணக்கை எழுதி முடிப்பவர், பிறகு கொத்தனாரை அழைக்கலாம்.